முகம் கழுவாத தண்ணீர்

குழாய்க்குள் ஒற்றைக் கண்ணால் எட்டிப் பார்க்கிற ஒரு முகம். ஆயாம்மா என் நினைவில் எப்போதும் அப்படித்தான் நிற்கிறார். இடுப்பளவு உயரமான குழாய் அது. பார்வைக்குக் கண்ணாடி, தொட்டால் பிளாஸ்டிக். அடியில் கறுப்பு மையில் ஒரு கூட்டல் குறி, பக்கத்தில் அளவுக் கோடுகள். மலை ஊற்றுக்கு வைத்த பீலியில் விழுகிற தண்ணீரைச் செம்பில் பிடித்து, இடது கண்ணை இறுக மூடிக்கொண்டு, குழந்தைக்கு மருந்து புகட்டுகிற மாதிரிக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவார். அடியில் இருக்கிற குறி எந்த உயரத்தில் கண்ணுக்கு மறைகிறதோ, அந்தக் கோட்டுக்கு நேரான எண்தான் அளவு. தெளிந்த தண்ணீர் என்றால் குழாய் நிறைந்த பிறகும் குறி தெரியும். கலங்கல் என்றால் பாதிக்கு முன்பே காணாமல் போய்விடும். ஆயாம்மா அதைக் குறி என்று ஒரு நாளும் சொன்னதில்லை. "பொட்டு மறைஞ்சிருச்சு" என்பார். நெற்றிப் பொட்டு அழிந்ததைச் சொல்கிற மாதிரி இருக்கிறதே என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு கூச்சம் வரும். அவருக்கு அப்படியெல்லாம் ஒன்றும் கிடையாது. சிரித்துக்கொண்டே சொல்வார்.

ஆயாம்மா என்றதும் கிழவி என்று நினைத்துவிட வேண்டாம். என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். தெமோதரைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், பிள்ளை மடுவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொழுந்து பறிக்கப் போகிற பெண்கள் காலையில் தங்கள் கைக்குழந்தைகளை விட்டுப் போகிற இடம் அது. அதைப் பார்த்துக்கொள்கிறவரை எல்லாரும் ஆயாம்மா என்றே கூப்பிடுவார்கள். நான் பதுளையிலிருந்து வேன் ஓட்டுகிறவன். அன்றைக்கும் அதுதான் தொழில், இன்றைக்கும் அதுதான். பள்ளிக்கூடப் படிப்பு எனக்குப் பாதியில் நின்றது. மீதியை ஆட்கள் பேசுவதைக் கேட்டும், பாண் ரொட்டி சுற்றி வருகிற பேப்பரை வாசித்தும் கற்றுக்கொண்டேன். நல்ல வார்த்தை சொல்கிறவர் யாராவது வேனில் ஏறினால் அன்றைக்கு எனக்கு டீசல் காசு போனாலும் பரவாயில்லை. ஆயாம்மாவிடமும் லெப் அக்காவிடமும் அந்த வார்த்தைகள் தேடாமலே கிடைத்தன.

லெப் அக்கா பதுளை பஜாரில் கடை வைத்திருந்த குடும்பத்துப் பெண். அப்பா கடையில் பருப்பு நிறுத்த தராசைப் பார்த்து வளர்ந்தவர், படித்து வந்து, லெப் என்று எல்லாரும் சொல்கிற தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் அதைவிட நுணுக்கமான தராசின் முன்னால் உட்கார்ந்துகொண்டார். "தராசுக்கு மாமன் மச்சான் கிடையாது தம்பி" என்பது அவருடைய அப்பாவின் பேச்சு. அதை அக்கா சொல்லும்போது கொஞ்சம் பயமாகவே இருக்கும். ஆய்வுகூடத்துக்குள் செருப்போடு போகக் கூடாது, கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்கக் கூடாது. காற்று பட்டால் தராசு ஆடும். நான் வாசலில் நின்றபடியே பார்ப்பேன். வெள்ளைத் தாள் ஒன்றை முதலில் வெறுமனே நிறுத்து வைப்பார். போத்தலை நன்றாகக் குலுக்கி, அளந்த தண்ணீரை அந்தத் தாளின் வழியாக வடியவிடுவார். தாளைச் சின்ன அடுப்பில் காய வைத்து, ஆற வைத்து, மறுபடியும் நிறுப்பார். கூடியிருக்கிற எடைதான் அந்தத் தண்ணீர் சுமந்து வந்த மண். கண்ணுக்குத் தெரியாத தூசியைக்கூட அந்தத் தராசு பிடித்துவிடும்.

தோட்டங்களின் பீலித் தண்ணீரைப் பார்க்கிற ஒரு திட்டத்துக்காக இந்த ஏற்பாடு. தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கிற ஒவ்வொரு லயத்திலும் ஒருவர் பீலியடியில் குழாயால் அளந்து, அந்த எண்ணை அட்டையில் எழுதி, ஒரு போத்தல் தண்ணீரையும் கொடுத்தனுப்ப வேண்டும். நான் பெரகலப் பக்கமிருந்து தெமோதரை வரை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டு பதுளைக்கு வருவேன். குழாய் சொல்வதையும் தராசு சொல்வதையும் அக்கா பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். இரண்டும் ஒரே எண்ணாக இருக்காது, இருக்கவும் தேவையில்லை. "ஒண்ணு கலங்கலப் பாக்குது, ஒண்ணு மண்ண நிறுக்குது. அக்கா தங்கச்சி மாதிரி. மூஞ்சி வேற, நடை ஒண்ணுதான். ஒருத்தி ஏறுனா மத்தவளும் ஏறணும்" என்று எனக்கு விளக்கியிருக்கிறார். குழாயின் எண்ணைக் கலங்கல் கணக்காக மாற்றி, கட்டம் போட்ட தாளில் ஒவ்வொரு லயத்துக்கும் புள்ளி வைப்பார். புள்ளிகள் எறும்பு வரிசை போல ஒரு கோட்டில் மேலேறும். ஆயாம்மாவின் லயத்துப் புள்ளி மட்டும் அந்த வரிசையை விட்டு எங்கோ தனியாகக் கிடந்தது.

அந்த வருடம் மழை பிந்தியது. மழையே இல்லாத நாட்களில் ஆயாம்மாவின் அட்டையில் எண் குறைந்துகொண்டே வந்தது. அதாவது குறி சீக்கிரம் சீக்கிரமாக மறைந்தது. தராசோ அந்தப் போத்தலில் மண்ணே இல்லை என்றது. தாள் கிட்டத்தட்டப் போட்ட வெள்ளையாகவே திரும்பி வந்தது. அக்கா முதலில் தன்னைச் சந்தேகித்தார். அடுப்பின் சூட்டைப் பார்த்தார், தராசுக்குப் படிக்கல் வைத்துப் பார்த்தார். பிறகு என்னைச் சந்தேகித்தார். போத்தலை வெயிலில் வைத்தேனா, மாற்றி வைத்தேனா என்று கேட்டார். கடைசியில் ஆயாம்மாவின் கண்ணில் வந்து நின்றார். "அவங்களுக்குக் கண்ணாடி போடணும் போல இருக்கு தம்பி. பக்குவமாச் சொல்லிப் பாருங்க" என்றார்.

பக்குவமாகத்தான் சொன்னேன். ஆயாம்மா குழந்தை ஒன்றைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே கேட்டார். "பேன் பாக்குற கண்ணு தம்பி இது. இத்தன புள்ள தலையில ஈரு எடுத்திருக்கேன். அக்காவுக்கு என் கண்ணு மேல சந்தேகம்னா வந்து பாக்கட்டும். தேத்தண்ணி ஊத்தி வைக்கிறேன். அதுல பொட்டு மறையுதான்னும் பாத்துக்கட்டும்."

இதை அப்படியே போய்ச் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டியதில்லைதான், ஆனால் நல்ல பேச்சை மடியில் கட்டி வைத்துக்கொள்ள எனக்குத் தெரியாது. அக்கா சிரித்துவிட்டார். அடுத்த முறை என்னோடு வேனில் ஏறினார்.

தார் ரோட்டில் ஒரு வளைவு வரைக்கும்தான் வேன் போகும். அங்கிருந்து தேயிலைக்கு நடுவே ஏறினால் லயம், லயத்துக்குப் பின்னால் மலையடியில் பீலி. பீலியில் விழுந்து வழிகிற தண்ணீர் கான் என்கிற சின்ன வாய்க்காலில் இறங்கி வளைவுக்கு வந்து ரோட்டுக்கு அடியில் போகும். அன்றைக்கு அக்கா நேராகப் பீலிக்குப் போகவில்லை. ஆயாம்மா விடவில்லை. லயத்தில் தன் ஒற்றை அறைக் காம்பராவுக்குள் கூட்டிப் போய், இருந்த ஒரே நாற்காலியைத் துடைத்துப் போட்டு, சாயத் தேத்தண்ணியும் கையில் ஒரு துண்டு வெல்லமும் கொடுத்தார். நாற்காலிக்குப் பக்கத்திலேயே தண்ணீர்ப் பானை. அக்கா மூடியைத் தூக்கிப் பார்த்தார். அடியில் கிடந்த மணல்கூடத் தெரிகிற தெளிவு.

"இது பீலித் தண்ணியா?" என்று அக்கா கேட்டார்.

"ஆமாங்க. ராத்திரியே பானைக்குள்ள தேத்தாங்கொட்ட தேச்சி வச்சிருவேன். விடியிறப்ப எல்லாம் அடியில உக்காந்திரும்."

"எனக்கு அனுப்புற போத்தல எங்க நெரப்புறீங்க?"

"இதுலதான். வேற எதுல?" ஆயாம்மாவுக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. "பீலியில குழாய வச்சி உள்ளபடி பாத்து உள்ளபடி எழுதிர்றேன். அது கேட்ட கேள்விக்குப் பதிலு. போத்தலு அப்படி இல்லீங்களே. அது பதுளைக்குப் போகுது. நாலு பேரு கையில எடுத்துப் பாப்பாங்க. புள்ளைக்குச் சொகமில்லன்னு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறோம், அப்பகூட மொகத்தக் கழுவி, தல சீவி, பவுடர் போட்டுத்தானே கொண்டு போறோம். அழுக்கோட அனுப்புனா லயத்தப் பத்தி என்ன நெனைப்பாங்க?"

போத்தல்கள் பழுப்பு நிறம். வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே இருப்பது தெளிவா கலங்கலா என்று யாருக்கும் தெரியாது. தோட்டத்தை நடத்துகிற தொரை வருகிறார் என்றால் முன்னாலேயே லயத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கிற தோட்டத்தில், பாட்டனும் பூட்டனும் அந்தச் சுண்ணாம்பு வாளியைத் தூக்கிய வம்சத்தில் பிறந்தவர் ஆயாம்மா. அவர் பொய் சொல்லவில்லை. மரியாதை செய்திருந்தார். எங்கள் மலைநாட்டை விட்டு வேறு எங்காவது இந்தத் தவறு நடந்திருக்குமா என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன்.

அக்கா வயிறு குலுங்கச் சிரித்தார். ஆயாம்மாவும் சேர்ந்து சிரித்தார். சிரிப்பு முடிவதற்குள் அக்கா எழுந்து பின்பக்கமாகப் பீலிக்கு நடந்தார். பீலியில் பால் தேத்தண்ணி நிறத்தில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. மேலே வானம் வெளுத்து, ஒரு துண்டு மேகம்கூட இல்லாமல் கிடந்தது. அக்கா தண்ணீரைப் பார்த்தார், பிறகு தலையைத் தூக்கி மலையைப் பார்த்தார். அந்த முகம் மாறியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். மழை பெய்து தண்ணீர் கலங்கினால் அது மேல் மண். மழையே இல்லாமல் கலங்கினால் மலை உள்ளுக்குள் கரைகிறது. இதை எனக்கு அவர் பிறகு, கீழே இறங்கும் வழியில் சொன்னார். குரலைத் தாழ்த்திச் சொன்னார், மலைக்குக் கேட்டுவிடும் என்பது போல.

அன்றைக்கே தோட்டத்து ஆபீசுக்குப் போனோம். தொரை கெட்டவர் இல்லை. மழை தொடங்கியதும் லயத்துக் குடும்பங்களை எல்லாம் எதிர் மேட்டில் இருந்த பள்ளிக்கூடத்துக்கு மாற்றினார். பாயும் சட்டியும் கோழிக்கூடுமாக எல்லாரும் ஏறிப் போனார்கள். ஆயாம்மா பிள்ளை மடுவத்துத் தொட்டில் சேலைகளை எடுத்துக்கொண்டு போய் வகுப்பறை விட்டத்தில் கட்டினார். ஆனால் மழை விட்டது. பள்ளிக்கூடம் திறக்க வேண்டும், மலையும் அசையவில்லை. மேலே இருக்கிறவர்கள் கடதாசியைத்தானே பார்ப்பார்கள். கடதாசியில் பழைய தராசுக் கணக்கு இருந்தது: இந்த லயத்துத் தண்ணீர் சுத்தம். குழாயால் ஒரு ஆயா பார்த்த எண்ணை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. வார முடிவில் எல்லாரும் லயத்துக்குத் திரும்ப வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

அக்கா சொன்னது இதுதான்: பீலியிலிருந்தே நேராகப் பிடித்த தண்ணீர் வேண்டும். ஒரு போத்தல் போதாது, ஏதோ மாடு கலக்கியது என்று தள்ளிவிடுவார்கள். ஒன்று பிடித்து, ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம் விட்டு, இன்னொன்று பிடிக்க வேண்டும். இரண்டும் ஒரே மாதிரிச் சொன்னால் அதை மறுக்க ஆள் கிடையாது. அப்போது குடும்பங்கள் பள்ளிக்கூடத்திலேயே இருக்கலாம். இதை நான்தான் கொண்டு போய்ச் சொன்னேன். ஆயாம்மா கவனமாகக் கேட்டு, திருப்பிச் சொல்லிக் காட்டினார்.

அந்தக் காலையில் நான் வளைவில் வேனை நிறுத்தியபோது ஆயாம்மா முதல் போத்தலோடு இறங்கி வந்தார். அட்டையில் குழாயின் எண் இருந்தது. அவ்வளவு சின்ன எண்ணை நான் பார்த்ததில்லை. போத்தலை என் கையில் கொடுத்து, சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டார்.

"அக்காக்கிட்ட சொல்லுங்க தம்பி. இந்தத் தடவ மொகம் கழுவாமத்தான் அனுப்புறேன்னு."

என் பிளாஸ்கில் இருந்த தேத்தண்ணியை மூடியில் ஊற்றிக் கொடுத்தேன். நின்றபடியே குடித்தார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் எல்லாம் ஒன்றைப் பார்த்து ஒன்று அழுகின்றன, ஒன்றை உறங்க வைத்தால் இன்னொன்று எழும்புகிறது, தலைமை வாத்தியார் தொட்டில் கட்டிய விட்டத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார் என்று சொல்லிச் சிரித்தார். மூடியைத் திருப்பித் தந்தார். "தேத்தண்ணி குடிச்சாச்சு. அக்கா சொன்ன நேரம் சரியாப் போச்சு" என்று இரண்டாவது போத்தலை எடுத்துக்கொண்டு தேயிலைக்குள் ஏறினார்.

நான் வேனில் சாய்ந்துகொண்டு கானைப் பார்த்தபடி நின்றேன். பழுப்புத் தண்ணீர் வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அது மெலிந்து, நூலாகி, நின்றுபோனது. கானின் அடியில் கிடந்த கற்கள் ஈரமாக மினுங்கின. ஆயாம்மா பீலியில் போத்தலைப் பிடித்துக்கொண்டிருக்கிறார், அதனால்தான் தண்ணீர் வரவில்லை என்று நினைத்தேன். ஒரு போத்தலால் ஒரு பீலியை நிறுத்த முடியாது. அது எந்தப் பிள்ளைக்கும் தெரியும். ஆனாலும் அப்படித்தான் நினைத்தேன். அந்த நினைப்பை இன்றுவரை என்னால் என் தலைக்குள்ளிருந்து எடுத்துப் போட முடியவில்லை. பிறகு மேலே ஒரே நேரத்தில் பல லொறிகள் கல் கொட்டுகிற மாதிரிச் சத்தம் கேட்டது.

லயத்தில் ஒரு குஞ்சு குருமான் இல்லை. எல்லாரும் எதிர் மேட்டில், பள்ளிக்கூட வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பீலியையும் லயத்தையும் மூடிச் சரிந்த மண்ணுக்கு அடியில் இருந்தது ஒரே ஒரு ஆள். மண்ணை எடுத்து எடுத்துப் பார்த்தோம். ஆயாம்மா கிடைக்கவில்லை.

முதல் போத்தல் என் இருக்கைக்குப் பக்கத்திலேயே கிடந்தது. மறுநாள் கொண்டு போய்க் கொடுத்தேன். சொல்லச் சொன்னதையும் சொன்னேன். அக்கா போத்தலை வாங்கிக்கொண்டார். குலுக்கினார், ஊற்றினார். கொஞ்சம் ஊற்றியதுமே தாள் அடைத்துக்கொண்டது, தண்ணீர் இறங்கவில்லை. வேறு தாள் எடுத்துக் குறைத்து ஊற்றினார். காய வைத்து நிறுத்தார். கட்டத் தாளை எடுத்துப் புள்ளி வைத்தார். மற்ற லயங்களின் புள்ளிகள் போகிற அதே கோட்டில், மிக உயரத்தில், அந்தப் புள்ளி போய் உட்கார்ந்தது. ஆயாம்மாவின் கண்ணும் அக்காவின் தராசும் முதல் முறையாக ஒத்துப் போயின. அக்கா பென்சிலைக் கீழே வைத்தார். அவ்வளவு மெதுவாக ஒருவர் ஒரு பென்சிலை வைத்து நான் பார்த்ததில்லை.

பல வருடங்கள் போய்விட்டன. அந்தக் குடும்பங்களில் சிலருக்குத் தனி வீடு கிடைத்தது. மற்றவர்கள் அதே மலையின் மறு பக்கத்து லயத்தில் இருக்கிறார்கள். அன்று வகுப்பறை விட்டத்தில் தொங்கிய தொட்டில்களில் கிடந்த பிள்ளைகள் இப்போது அதே பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள். ஆயாம்மாவின் நினைவு நாளில் பெண்கள் அந்த இடத்தில் படையல் வைப்பார்கள். அக்காவும் வருவார். ஓய்வு பெற்றுவிட்டார், முழங்கால் வலி, கடை நடத்துகிற தன் தம்பி வீட்டில் இருக்கிறார். ஆனால் அந்த நாளுக்கு எனக்குப் போன் வந்துவிடும். பையில் ஒரு பழுப்புப் போத்தல் இருக்கும். இரண்டாவது போத்தல் இன்னும் வரவில்லை என்பது அவர் கணக்கு. அதைப் பிடிக்க வேறு யாரையும் அவர் அனுப்புவதில்லை. மண் மூடிய இடத்துக்குப் பக்கத்தில் ஊற்று மறுபடி வழி கண்டு ஓடுகிறது. அதில் தானே குனிந்து நிரப்பிக்கொண்டு வருவார். பழைய ஆய்வுகூடத்தில் இப்போது வேலை பார்க்கிற பிள்ளைகள் அவருக்காகத் தராசை விட்டுக் கொடுப்பார்கள்.

தாள் ஒவ்வொரு வருடமும் வெள்ளையாகத்தான் வருகிறது. போன வருடம் திரும்பி வரும்போது, "சந்தோஷம்தானேக்கா" என்று கேட்டேன். அக்கா ஜன்னல் வழியாக மலையையே பார்த்துக்கொண்டு வந்தார். "இவ்வளவு சுத்தமா இருக்கே தம்பி. அதான் பயமா இருக்கு. மலை மொகத்தக் கழுவிக்கிட்டு நிக்குதோ என்னவோ" என்றார்.

அக்கா போத்தலோடு ஏறும்போது நான் கூடப் போவதில்லை. வளைவில் நிற்கச் சொல்வார், நிற்பேன். வேனின் இன்ஜினை நிறுத்த மாட்டேன். கான் ஓரமாகக் குந்தி, ஓடுகிற தண்ணீருக்குள் கையை விட்டுக்கொள்வேன். கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பது போதாது. மலை சரிவதற்கு முன்னால் ஓட்டம்தான் மெலியும், அது முதலில் விரலுக்குத் தெரிய வேண்டும். மலைத் தண்ணீர், சீக்கிரமே கை மரத்துப் போகும். தேயிலைக்கு மேலே அக்காவின் தலை தெரிகிறவரை கையை எடுப்பதில்லை.